பொருள்: வி.ஐ. எடிட்டரை நீக்குதல் – தொடர்பாக

"சர்வர் கணினியில் எந்த மென்பொருளை நிறுவுவதாக இருந்தாலும், நீக்குவதாக இருந்தாலும், தலைமையகத்தின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி பெறப்பட வேண்டும்."

எங்கள் அலுவலகக் கணினி நடைமுறைக் கையேட்டின் பதினான்காவது விதி இது. அதன் கீழே பொடி எழுத்தில் ஓர் உட்பிரிவு இருக்கும்: அனுமதி கோரும் கடிதத்தை மூன்று படிகளில் அனுப்ப வேண்டும். அனுமதி எத்தனை நாளில் வர வேண்டும் என்று சொல்லும் உட்பிரிவு மட்டும் கிடையாது. கையேட்டின் தமிழ் வடிவத்தைப் பிழை திருத்தியவன் நான். எனவே விதி தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லும் சலுகை எனக்கு இல்லை. தெரிந்தேதான் மீறினேன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. மீறிய விதத்தில்தான் வருத்தம்.

சர்வர் அறைக்குள் புதிதாக நுழையும் நீங்கள் இதைப் படித்துவிட்டு, விதி முட்டாள்தனமானது என்றோ, விதியே தெய்வம் என்றோ முடிவு கட்டிவிட வேண்டாம். இரண்டுமே சோம்பேறிகளின் முடிவு.

விருதுநகரில் எங்கள் அலுவலகம். பட்டாசு ஆலைகளில் போர்மேன் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து, பரீட்சை வைத்து, சான்றிதழ் வழங்குவது வேலை. சான்றிதழ் உள்ள போர்மேன் இல்லாமல் ஆலையில் ஒரு செட்டின், அதாவது வேலைக் கொட்டகையின், கதவைக்கூடத் திறக்க முடியாது. ஓராண்டு செல்லுபடியாகும், பிறகு வந்து புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சான்றிதழ் வாசகம், பெயர்ப் பட்டியல், அச்சிடும் நிரல் எல்லாம் குளிரூட்டிய அறையில் இருந்த ஒரு லினக்ஸ் சர்வரில். அந்த அறைக்கும் எனக்கும் மட்டும்தான் அலுவலகத்தில் குளிர்ச்சியான சுபாவம் என்று ஊழியர்கள் பேசிக்கொள்வார்கள்.

அந்தச் சர்வரில் கோப்புகளைத் திருத்துவதற்கு இருந்த எடிட்டர் வி.ஐ. அதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கறுப்புத் திரை. பட்டன் கிடையாது, மவுஸ் கிடையாது. நீங்கள் எழுத்தைத் தட்டினால் எழுத்து விழாது. முதலில் 'எழுதப் போகிறேன்' என்று அதற்குத் தெரிவிக்க வேண்டும். எழுதி முடித்ததும் 'எழுதுவதை நிறுத்திவிட்டேன்' என்று தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு, வெளியே போக அனுமதி கேட்டு ஒரு முக்காற்புள்ளியும் w, q என்ற இரண்டு எழுத்துகளும் தட்ட வேண்டும். அரசு அலுவலகத்துக்கென்றே செய்த கருவி என்று நினைப்பீர்கள். ஆனால் எங்கள் தட்டச்சர் கல்யாணி அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

அதிகாரி மாறியபோது சான்றிதழில் அவர் பதவிப் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. கல்யாணி அம்மா மாற்றினார். வெளியே வரும் வழியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி விசைப்பலகையின் அடியில் ஒட்டி வைத்திருந்தார். சீட்டைப் பார்த்து முக்காற்புள்ளி, w, q என்று ஒழுங்காகத் தட்டினார். எழுதுவதை நிறுத்திவிட்டதாக எடிட்டரிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டார். எனவே அந்த மூன்று குறிகளும் சான்றிதழின் வாசகத்திலேயே, அதிகாரியின் பதவிப் பெயருக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டன. இருபத்திமூன்று சான்றிதழ்கள் அப்படியே அச்சாகி, கையெழுத்தாகி, முத்திரை குத்தி வெளியே போயின. கையெழுத்திட்டவர் பார்க்கவில்லை. முத்திரை குத்தியவர் பார்க்கவில்லை. அலுவலகக் கண்காணிப்பாளர் என்ற முறையில், சரிபார்த்ததாகச் சுருக்கொப்பம் இட்டது நான். நானும் பார்க்கவில்லை.

இப்படி ஏதாவது நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். அதனால்தான் பிப்ரவரியிலேயே தலைமையகத்துக்கு எழுதியிருந்தேன்: வி.ஐ.-யை நீக்கிவிட்டு, எல்லாருக்கும் புரியும்படி அடியிலேயே வழி எழுதிக் காட்டும் 'நேனோ' என்ற சிறிய எடிட்டரை நிறுவ அனுமதி வேண்டும். மூன்று படிகள். பிறகு நான்கு நினைவூட்டுகள். பதில் இல்லை.

2008 ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை. பதினொன்றரை மணிக்கு ஏழாயிரம்பண்ணையிலிருந்து முத்துமாரி என்ற பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். விரல் நகங்களின் ஓரத்தில் எத்தனை கழுவினாலும் போகாத அலுமினியப் பொடியின் வெள்ளி. பிளாஸ்டிக் உறையிலிருந்து சான்றிதழை எடுத்து என் மேசையில் வைத்து, ஒரு விரலால் கீழே தொட்டார்.

"சார், இது என்னன்னு சொல்லுங்க."

பார்த்தேன். முக்காற்புள்ளி, w, q.

"தட்டச்சுப் பிழைம்மா."

"பிழைன்னு எனக்குத் தெரியுது. எங்க மொதலாளி, இது என்ன மந்திரமாங்காரு. இந்தப் பேப்பர ஆய்வுக்கு வாரவுககிட்ட நீட்டுனா போலின்னு தூக்கி எறிஞ்சிருவாகங்காரு. அவரு மச்சினன் மகன் ஒருத்தன் நல்ல பேப்பரோட ரெடியா நிக்கான்."

"ஆய்வு எப்ப?"

"நாளைக்கு வெள்ளனே. இன்னிக்குப் பொழுது அடையிறதுக்குள்ள நான் நல்ல பேப்பரக் கொண்டு குடுத்தா செட்டுச் சாவி என் கையில. இல்லைன்னா அவன் கையில. பதினோரு வருசம் சரம் பின்னியிருக்கேன் சார். பொம்பளைய போர்மேனா வைக்க அவருக்கு மனசில்ல. வேண்டாம்னு சொல்லவும் வாய் வரல. நீங்க ரெண்டு எழுத்து அடிச்சுக் குடுத்துட்டீக, அவருக்கு வாய் வந்துருச்சு."

"உக்காருங்கம்மா. ரெண்டு நிமிஷம்."

உண்மையில் இரண்டு நிமிட வேலைதான். வாசகத்தில் மூன்று குறிகளை அழித்து, அவர் பெயருக்கு அச்சிடும் கட்டளையைக் கொடுத்தால் தாள் வெளியே வந்திருக்கும். குறிகளை அழித்தேன். அதற்கும் வி.ஐ.-தான் வேண்டியிருந்தது. அழித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. ஆறு மாதமாகப் பதில் வராத ஆத்திரம், சுருக்கொப்பம் இட்டது நானே என்ற ஆத்திரம். இன்றோடு இந்த எடிட்டருக்கு ஒரு முடிவு கட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை என்று முடிவு செய்தேன்.

என் பிழை அங்கேதான் தொடங்கியது. வாசலில் ஒருவர் காத்திருக்கும்போது வீட்டைக் கூட்டிப் பெருக்கக் கூடாது. முதலில் அவர் காரியத்தை முடித்து அனுப்பியிருக்க வேண்டும்.

மென்பொருளை நிறுவவும் நீக்கவும் லினக்ஸில் பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்று உண்டு; ஒரு பண்டகக் காப்பாளர் மாதிரி. இன்ன சாமான் வேண்டும் என்றால் கொண்டுவந்து வைக்கும். இன்ன சாமான் வேண்டாம் என்றால் எடுத்துப் போகும். எடுப்பதற்கு முன் ஒரு பட்டியல் காட்டி, 'சம்மதமா?' என்று கேட்கும். நேனோ ஒரு நிமிடத்தில் வந்து உட்கார்ந்தது. திறந்து பார்த்தேன், அழகாக வேலை செய்தது. அந்த வெற்றியின் சூட்டிலேயே வி.ஐ.-யை நீக்கச் சொன்னேன். பட்டியல் வந்தது. 'சம்மதமா?' என்றது. y என்று தட்டினேன்.

முப்பது ஆண்டுகள் என்னிடம் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் நான் ஓதிய ஒரே வேதம், 'கடிதத்தைப் படிக்காவிட்டாலும் இணைப்பைப் படி' என்பதுதான். அந்தப் பட்டியலுக்கும் இணைப்பு இருந்தது. 'இதைச் சார்ந்திருப்பதால் பின்வருவதும் நீக்கப்படும்' என்று கீழே ஒரு வரி. அந்த வரியில் ஒரே ஒரு பெயர்: சூடோ.

சூடோ என்றால் என்ன என்பதை நம் பாஷையில் சொல்கிறேன். அதிகாரி ஊரில் இல்லாதபோது தலைமை எழுத்தர் 'அதிகாரிக்காக' என்று போட்டுக் கையெழுத்திடுவார் அல்லவா? சர்வரில் 'ரூட்' என்று ஒரு சர்வாதிகாரி உண்டு. நம்மைப் போன்றவர்கள் அவருக்காகச் சில வேலைகளைச் செய்ய வழி தருவது சூடோ. சான்றிதழ் அச்சிடும் கட்டளையும் அதன் வழியாகத்தான் ஓடும். அதைத் தயாரித்தவர்கள், வி.ஐ. இல்லாமல் அது இருக்க முடியாதபடி இரண்டையும் சேர்த்து முடிந்து வைத்திருந்தார்கள். நான் ஒன்றை எடுத்தேன். பண்டகக் காப்பாளர் மற்றதையும் பணிவாக எடுத்துச் சென்றுவிட்டார்.

அச்சிடச் சொன்னேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது சர்வர். திரும்ப நிறுவலாம் என்றால், நிறுவ ரூட்டின் அதிகாரம் வேண்டும். அதிகாரத்துக்கு இருந்த ஒரே வழியை நான்தான் இப்போது தூக்கி எறிந்திருந்தேன். மரத்தின் நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டியவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவன் எங்கள் அலுவலகத்தில் பணியாற்றவில்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

ரூட்டாகவே நேரே நுழையலாம். அந்தக் கடவுச்சொல் தலைமையகத்தினுடையது. அவசரத்துக்காக ஒரு முத்திரையிட்ட உறையில் எங்கள் இரட்டைப் பூட்டு அலமாரியில் இருந்தது. ஒரு சாவி அதிகாரியிடம், இன்னொன்று என்னிடம். அதிகாரி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இருவரும் சாவி போட்டோம். அரக்கை உடைத்தேன். உள்ளே நான்காய் மடித்த ஒரு தாள். அதில் மூன்றே வார்த்தைகள்: "கடவுச்சொல் தனியே தெரிவிக்கப்படும்."

அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி.

"தனியேன்னா எங்க சார்?"

"அதையும் தனியே தெரிவிப்பாங்க சார்."

தலைமையகத்துக்குத் தொலைபேசினேன். எடுத்தவர் பொறுப்பாளர் இல்லை. பொறுப்பாளர் ஒரு பயிற்சியில் இருந்தார். பயிற்சி நாளை முடியும். "அவரு வந்தாலும் போன்ல சொல்ல மாட்டாரு சார். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் தெரிவிக்கக் கூடாதுன்னு கையேட்டில் இருக்கே, நீங்க பாத்ததில்லையா?" என்று கனிவாகக் கேட்டார். பார்த்திருக்கிறேன் என்றேன். அந்த வாக்கியத்தில் ஒற்றுப் பிழையைத் திருத்தியவனே நான்தான் என்று சொல்லவில்லை.

இன்னொரு வழி மிச்சம் இருந்தது. சர்வரை அணைத்துவிட்டுத் திரும்ப எழுப்பும்போது இடையில் நிறுத்தி, கடவுச்சொல் இல்லாமல் ரூட்டாக நுழைவது. புத்தகம் அதைச் சொல்லும். பலர் அதைத்தான் செய்திருப்பார்கள். அந்த இயந்திரம் ஓராண்டுக்கு மேலாக அணைக்கப்படவே இல்லை. கடைசியாக அணைத்தபோது எழுந்திருக்க மறுத்து, சென்னையிலிருந்து ஆள் வந்து மறுநாள்தான் எழுந்தது. இன்று பொழுது அடைவதற்குள் ஒரு தாள் வேண்டும் என்கிற பெண்ணை வெளியே வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் ஆட எனக்கு மனமில்லை. கடைசி வழியைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.

வெளியே வந்தேன். முத்துமாரி பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"ரெண்டு நிமிஷம்னீக. ரெண்டு மணி நேரம் ஆகப் போகுது."

"ஒண்ணை எடுத்தேன்மா. கூடவே வேற ஒண்ணும் சேந்து போயிருச்சு."

"சரத்துல ஒத்த வெடிய உருவுனா மிச்சமெல்லாம் அவுந்துரும். நேத்து வேலைக்கு வந்தவகூட உருவ மாட்டா. இது உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும்மா."

"தெரிஞ்சா உருவுனீக?"

அவரைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

உள்ளே போய்ச் சும்மா உட்காராமல், சர்வருக்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அதைக் கேட்க அதிகாரம் எதுவும் வேண்டாம். பட்டியலில் என் பெயர், கல்யாணி அம்மா பெயர், அப்புறம் முருகேசனின் கணினியிலிருந்து சர்வருக்குள் திறந்த ஒரு ஜன்னல், அதாவது கட்டளை அடிக்கும் திரை. காலை ஒன்பதே முக்காலுக்கு, சூடோ இருக்கும்போதே திறந்தது. ரூட் அதிகாரத்தோடு, மூடாமல்.

முருகேசன் எங்கள் அலுவலக உதவிப் புரோகிராமர். கெட்டிக்காரர். ரூட் அதிகாரத்தோடு ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது அவருடைய நோய். அதற்காக முந்தின வாரம்தான் ஒரு மெமோ எழுதியிருந்தேன். அன்று கையெழுத்திட்டுக் கொடுப்பதாக இருந்தேன். அது என் மேசையிலேயே கிடந்தது. அவர் காலையில் வந்து தலையைக் காட்டிவிட்டு, அக்கா மகளின் காதுகுத்துக்காக அரை நாள் விடுப்பில் ஆமத்தூர் போயிருந்தார். அவர் கணினித் திரை பூட்டியிருந்தது. அந்தப் பூட்டுக்குப் பின்னால், ஊரிலேயே திறந்திருந்த ஒரே ரூட் ஜன்னல்.

மணி ஒன்று இருபத்தைந்து. அந்த ஆண்டு எங்கள் பகுதிக்கு மின்வெட்டு இரண்டு மணியிலிருந்து நான்கு வரை. வேறு எது தவறினாலும் அது தவறாது. சர்வர் அறைக்கு மட்டும்தான் யு.பி.எஸ். முருகேசனின் கணினிக்குக் கிடையாது. கரண்டு போனால் கணினி சாகும். கணினி செத்தால் ஜன்னலும் போகும்.

கைப்பேசியில் கூப்பிட்டேன். பின்னால் மைக் செட் அலறியது.

"சார்! சாப்பிட்டீகளா? இங்கன இப்பத்தான் பந்தி..."

"முருகேசன், காலையில ரூட்ல ஒரு ஜன்னல் திறந்து வச்சீங்களா?"

யாரிடமோ மைக் செட்டைக் குறைக்கச் சொன்னார்.

"மூடிட்டேன்னு நெனைக்கேன் சார்."

"மூடலை."

"மெமோவா சார்?"

"அதை அப்புறம் பேசுவோம். உங்க கம்ப்யூட்டரைத் திறக்கணும். பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

"சார், நான் வண்டியிலயே வந்துருதேன். இருவது நிமிஷம்."

"ரயில்வே கேட்டு?"

"கேட்டு போட்டிருந்தா... முப்பத்தஞ்சு."

"அப்ப சொல்லுங்க."

"போன்ல சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் சர்க்குலர் போட்டீக?"

"நான்தான் போட்டேன். நான்தான் கேக்கேன்."

"அதுக்கில்ல சார். சொல்ல ஒரு மாதிரியா இருக்கு."

"முருகேசன், இங்க ஒரு அம்மாவோட வேலை போகப் போகுது."

"சிடுமூஞ்சி, சார்."

"யாரு?"

"பாஸ்வேர்டு சார். இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. கடைசியில ரெண்டு நம்பர். உங்க ரூம் நம்பர்தான் சார்."

அடித்தேன். திறந்தது. முப்பது ஆண்டு சர்வீஸில் என்னைப் பற்றி எழுதப்பட்ட குறிப்புகளில் உடனடியாகப் பலன் தந்தது அது ஒன்றுதான்.

ஜன்னல் இருந்தது. மணி ஒன்று முப்பத்தெட்டு. சூடோவைத் திரும்ப நிறுவினால் எல்லாம் சரியாகிவிடும்; குறுந்தகட்டிலிருந்து நிறுவச் சில நிமிடங்கள் போதும். யாராயிருந்தாலும் உடனே அதைத்தான் தொடங்கியிருப்பார்கள். என் விரல்களும் அதற்குத்தான் போயின.

அப்போது முத்துமாரி கதவருகில் வந்து நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் அவர் எழுதிய பரீட்சைத் தாள் நினைவுக்கு வந்தது. எங்கள் அலுவலகமே தயாரித்த கேள்விகள். முதல் கேள்வி: செட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எதைச் சரிபார்ப்பீர்கள்? விடை: மருந்தையும் அல்ல, எடையையும் அல்ல, இரண்டாவது கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா, அதன் குறுக்கே யாராவது பெட்டி அடுக்கியிருக்கிறார்களா என்பதை. ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கேள்வியை நான் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு இருந்தது ஒரே கதவு. அது இருபது நிமிடத்தில் மூடிவிடும். வேலையின் நடுவில் மூடினால் பாதி நிறுவிய சர்வரோடு உள்ளே மாட்டிக்கொள்வேன். முதலில் இன்னொரு கதவு வேண்டும். அதாவது, ரூட்டின் கடவுச்சொல்லையே மாற்றிவிட வேண்டும். பதினான்காவது விதியை மீறியது அவசரக்குடுக்கைத்தனம் என்றால், இது தலைமையகத்தின் சாவியை மாற்றி வார்ப்பது.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "நான் மாத்தப் போறேன் சார். மாத்தினது நான்தான்னு எழுதிக் கொடுக்கிறேன்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"கொடுப்பேன்."

"அப்ப நான் சாப்பிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். குறை சொல்ல மாட்டேன். தடுக்காத அதிகாரி கிடைப்பதே அபூர்வம்.

கடவுச்சொல்லை மாற்றினேன்; ரூட்டாக இருப்பவரிடம் பழையது என்ன என்று சர்வர் கேட்பதில்லை. சர்வர் அறைக்கு நடந்து போய், அங்கிருந்த திரையில் புதிய கடவுச்சொல்லால் ஒருமுறை நுழைந்து பார்த்தேன். கதவு திறந்தது. வெளியே வந்து, முருகேசனின் நாற்காலியில் உட்கார்ந்து சூடோவை நிறுவத் தொடங்கினேன். சர்வர் அறையிலேயே உட்கார்ந்து செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்திருக்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவன் பாதி புத்தியோடுதான் இருப்பான். அந்தப் பாதியை எதற்குச் செலவழிக்கிறான் என்பதே கேள்வி.

என் கைக்கடிகாரத்தில் ஒன்று ஐம்பத்தெட்டு. மின்விசிறி நின்றது. திரை கறுத்தது. நிறுவல் பாதியில்.

"போச்சா சார்?" என்றார் முத்துமாரி.

"ஒரு கதவுதான் போச்சு" என்றேன்.

அன்று நான் சொன்னவற்றில் எனக்குப் பிடித்த வாக்கியம் அதுதான்.

சர்வர் அறையில் ரூட்டாக நுழைந்தேன். அரைகுறையாய் நின்றதைச் சுத்தம் செய்து, சூடோவை மறுபடி நிறுவச் சொன்னேன். பட்டியல் வந்தது. இந்த முறை மேலிருந்து கீழே, விரல் வைத்து, இரண்டு தடவை படித்தேன். சூடோவோடு வி.ஐ.-யும் திரும்ப வரும் என்றது. வரட்டும் என்றேன். யார் யாருக்கு என்ன அதிகாரம் என்ற பழைய பட்டியலை, நீக்கும்போதே வேறு பெயரில் பத்திரமாக எடுத்து வைத்திருந்தது அந்தப் பேக்கேஜ் மேனேஜர். பதவி இழந்தவரின் கோப்பை அத்தனை மரியாதையாக வைத்திருக்கும் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. அதைப் பழைய இடத்தில் வைத்தேன். இரண்டே முக்காலுக்குச் சர்வர் பழையபடி ஆனது.

அதற்குள் முருகேசனும் நெற்றியில் சந்தனத்தோடு வந்து சேர்ந்தார். கேட்டு போட்டிருந்ததாம்.

சர்வர் தயார். ஆனால் அச்சு இயந்திரத்துக்குக் கரண்டு இல்லை; அது லேசர் பிரிண்டர், யு.பி.எஸ். இணைப்பில் வைக்கக் கூடாது என்று விதி.

"ஒத்தத் தாளு சார்" என்றார் முருகேசன். "யு.பி.எஸ்.ல சொருகி ஒரே நிமிஷத்துல எடுத்துருவோம்."

முத்துமாரி என்னையே பார்த்தார். காலையிலிருந்து இரண்டு பெரிய விதிகளை மீறியவனுக்கு மூன்றாவது பெரிதா என்று அந்தப் பார்வை கேட்டது.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன் சார்?" என்றார் அவர். "நாலு மணிக்கு மேல பேப்பர் வாங்கி, பஸ் பிடிச்சு, சாத்தூர்ல மாறி, நான் எப்பப் போயிச் சேருவேன்?"

"அது சூடேறும்போது யு.பி.எஸ். தாங்காதும்மா. விழுந்தா சர்வரும் சேந்து விழும். அது விழுந்தா எந்திரிக்க நாளைக்கு ஆகும். நாலு மணின்னா உங்களுக்கு வழி இருக்கு. நாளைக்குன்னா இல்லை."

அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்றேகால் மணி நேரத்தைப் போல நீண்ட நேரத்தை நான் எந்த ஆய்வுக் கூட்டத்திலும் கழித்ததில்லை. நான் அன்று எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது அதுதான். எனக்கு ஒருவரும் நன்றி சொல்லாத முடிவும் அதுதான்.

நான்கு மணிக்கு விசிறி சுழன்றது. நான்கு ஆறுக்குத் தாள் வந்தது. அதிகாரி கையெழுத்திட்டார், முழுவதையும் படித்துவிட்டு. நான் சுருக்கொப்பம் இட்டேன்; நானும் படித்துவிட்டு. முத்துமாரி தாளை வாங்கி, மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

"படிச்சுப் பாத்து வாங்கிக்கோங்க" என்றேன்.

"நீங்க படிக்காம அமுக்குனீகளே, அதுக்கா?" என்று சொல்லிவிட்டு, உறைக்குள் வைத்து நடந்தார்.

"முருகேசன், அவங்களை வண்டியில கொண்டுபோயி, ஏற வேண்டிய பஸ்ல ஏத்திவிட்டு வாங்க."

"அப்ப மெமோ சார்?"

"போயிட்டு வாங்க."

முத்துமாரி ஆலைக்குப் போய்ச் சேர்ந்தாரா, சாவி அவர் கைக்கு வந்ததா என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை. அவரிடம் கைப்பேசி கிடையாது. ஆலைக்குப் போன் செய்து கேட்டால் அவருக்கே கெடுதலாகலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மீதி இருபத்திரண்டு சான்றிதழ்களையும் திருத்தி அனுப்பிவிட்டு, முருகேசனுக்கு மெமோ கொடுத்தேன். நீங்கள் முகம் சுளிப்பீர்கள். திறந்து கிடந்த ஜன்னல் அன்று என்னைக் காப்பாற்றியது என்பதற்காக, ஜன்னலைத் திறந்து போடுவது நல்ல பழக்கம் ஆகிவிடாது. அதே கையோடு, படிக்காமல் சுருக்கொப்பம் இட்டது, அனுமதியின்றி எடிட்டரை நீக்கியது, ரூட் கடவுச்சொல்லை மாற்றியது என்று நான் செய்த மூன்று தவறுகளையும் வரிசையாக எழுதி, மூன்று படிகளில் தலைமையகத்துக்கு அனுப்பினேன். ரூட் கடவுச்சொல்லை மாற்றியதற்கு விளக்கம் கேட்டு ஐந்தே நாளில் கடிதம் வந்தது. தபால் துறையும் தலைமையகமும் சேர்ந்து இத்தனை வேகமாக இயங்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். விளக்கம் கொடுத்தேன், எச்சரிக்கையோடு விட்டார்கள். முருகேசன் தன் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். புதியது என்ன என்று நான் கேட்கவில்லை. சில உண்மைகளை ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும்.

நேனோவும் வி.ஐ.-யும் அந்தச் சர்வரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் பழைய பகையாளிகள் போலச் சேர்ந்தே இருந்தன. கல்யாணி அம்மா நேனோவைத் திறந்தார். விசைப்பலகையின் அடியிலிருந்த சீட்டைக் கிழித்து எறிந்தார். வி.ஐ. யாருக்கும் இடைஞ்சல் செய்யவில்லை. பிடிக்காத ஒன்றை நீக்கித்தான் தீர வேண்டும் என்பதில்லை. நல்ல ஒன்றைப் பக்கத்தில் வைத்தாலே பல நேரம் போதும். இதை நான் அன்று காலையில் தெரிந்துகொண்டிருக்கலாம்.

மறு ஆண்டு ஆகஸ்ட்டில், சான்றிதழ் காலாவதியாக இரண்டு நாள் இருக்கும்போது, முத்துமாரி வந்தார். பழைய தாளை மேசையில் வைத்தார். மடிப்பு விழாமல் அப்படியே இருந்தது.

"புதுப்பிக்கணும் சார்."

"அன்னிக்கு நேரத்துக்குப் போயிட்டீங்களா?"

"வெளக்கு வைக்கிற நேரம். மொதலாளி கார்ல ஏறி உக்காந்துட்டாரு. கண்ணாடியத் தட்டிக் குடுத்தேன். முன்னாலயும் பின்னாலயும் பாத்தாரு. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. ஒண்ணும் கெடைக்கல." சேலை முந்தானையில் முடிந்திருந்த சாவிக் கொத்தை எடுத்து ஒருமுறை ஆட்டிக் காட்டினார். "ஒரு வருசமா எங்கிட்டதான் இருக்கு. மச்சினன் மகன் இப்ப என் செட்டுலதான் லோடு எழுதுதான்."

"நல்லா எழுதுறானா?"

"ரெண்டாவது கதவுக்குக் குறுக்கே பெட்டி வைப்பான். வஞ்சுகிட்டே இருக்கேன்."

அவருடைய புதிய தாள் அச்சாகிக்கொண்டிருந்தபோதுதான் தபால்காரர் வந்தார். தலைமையகத்திலிருந்து ஒரு கனமான உறை. பிரித்தேன். பொருள்: வி.ஐ. எடிட்டரை நீக்குதல் – தொடர்பாக. பார்வை: தங்களின் பிப்ரவரி மாதக் கடிதமும் நான்கு நினைவூட்டுகளும். கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி எடிட்டரை நீக்க அனுமதி வழங்கப்படுகிறது. நீக்கிய விவரத்தை மூன்று படிகளில் தெரிவிக்கவும். இணைப்பு என்று போட்டிருந்தது. இணைப்பைத் தேடினேன். இல்லை.

"என்ன சார், மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?" என்றார் முத்துமாரி.

"அன்னிக்கு உருவுனதுக்கு இன்னிக்கு உத்தரவு வந்திருக்கும்மா."

"மறுபடி உருவப் போறீகளா?"

"மாட்டேன்."

"அப்ப சரி" என்று தன் தாளை வாங்கி, மேலிருந்து கீழே விரல் ஓட்டிப் படித்துவிட்டுக் கிளம்பினார்.

நான் முத்திரையை எடுத்து, தேதிச் சக்கரங்களைச் சரிபார்த்து, கடிதத்தின் வலது மூலையில் வரவு குத்தினேன்: 2009 ஆகஸ்ட் 5, புதன்கிழமை.